கோலமாவில் வரையாத இடம்

வேலையில் சேர்ந்த முதல் வாரமே என்னைக் கோலமாவு வாங்கி வரச் சொன்னார்கள். உத்திரமேரூர் பஜாரில் வெள்ளை மாவு இரண்டு பை, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம். கடைக்காரர், "மார்கழி கூட வரலியே, இப்பவே இன்னாத்துக்கு இவ்ளோ?" என்று கேட்டார். "ஆராய்ச்சிக்கு" என்றேன். அவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

வேலை இதுதான். சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் வந்திருந்தது. உத்திரமேரூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சுற்றுலாத் தலமாக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பணி. வெறும் சுற்றுலா இல்லை, "நீடித்த நிலையான சுற்றுலா". ஊரைக் கெடுக்காமல், ஏரியைக் கெடுக்காமல், ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்கிற சுற்றுலா. உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டு பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை ஒரு நாளாவது இங்கே இருக்க வைக்க வேண்டும். காலையில் ஏரிக்கரையில் பறவை, பகலில் கோயில், சாயங்காலம் பழையசீவரம் மலையேறிப் பாலாறு பார்ப்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் சுற்றுலாவில் மேற்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரி, சொந்தமாக ஸ்கூட்டர் இருந்தது, எந்த ஊரில் எந்தத் தெரு என்று தெரிந்திருந்தது. கள ஆய்வாளர் என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். "போற எடத்துல வாய வச்சிக்கினு சும்மா இரு" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். சும்மாதான் இருந்தேன். சும்மா இருக்கக் கூடாத ஒரு நாளில் சும்மா இருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

திட்டத்தின் தலைவரை எல்லோரும் சார் என்று கூப்பிட்டோம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் கெட்டவர் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடிக்க மாட்டார். வயல் வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த ஊர் அல்லவா. நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகும் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. அந்த வரியை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பரிசு வாங்கிய பேச்சிலும் அதைச் சொல்லவில்லை.

சார் சொன்ன ஆய்வு முறை எனக்குப் பிடித்திருந்தது. ஊர் ஜனங்களே தரையில் கோலமாவால் தங்கள் ஊரை வரைந்து காட்டுவார்கள். எது எங்கே இருக்கிறது, யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். நாங்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நாமாக எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அவங்க ஊரு, அவங்க சொல்லட்டும்" என்பார்.

எனக்குத் துணைக்கு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நூறுநாள் வேலையில் ஆட்களுக்கு வருகைப் பதிவு செய்கிற பொறுப்பாளர். காலனியில் மட்டுமல்ல, மானாம்பதி வரைக்கும் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விரல் நுனியில் வைத்திருந்தாள். நான் அவளை நூறுநாள் அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அது யாருக்கும் பிடிக்கவில்லை. எங்கள் தெரு நிலம் வைத்திருக்கிறவர்களின் தெரு. என் அப்பா அவளுடைய மாமனாரைக் கடைசி வரைக்கும் "வாடா போடா" என்றுதான் பேசினார், அவர் அப்பாவைவிடப் பெரியவர். அம்மா காலத்துக்குத் தக்கபடி மாறிவிட்டவள். அக்காவுக்கு எவர்சில்வர் டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பாள். ஆனால் கையில் கொடுக்க மாட்டாள், வாசல் கட்டைச்சுவரில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அக்கா அதை எடுத்துக் குடிப்பாள். நான் அதைப் பார்ப்பேன். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அவள் என்னைக் கேலியாக மேடம் என்பாள். "இன்னா மேடம், இன்னிக்கு எந்த வூட்ல நாஷ்டா?" என்று ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொள்வாள். தென்னேரி ஏரிக்கரை வரைக்கும் போய்ப் பறவை எண்ணினோம். சுற்றுலா வந்தால் வீட்டில் தங்க இடம் கொடுப்பீர்களா என்று வீடு வீடாகக் கேட்டோம். எல்லோரும் "குடுப்போம்" என்றார்கள், உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஆம் என்று டிக் போட்டேன். "வூட்டுக்கு வந்தவங்கள முடியாதுன்னு சொல்வாங்களா மேடம்?" என்று வெளியே வந்ததும் அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கோலமாவுப் படம் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சாருக்கு அன்றைக்குத்தான் கார் கிடைத்தது. இடம் அம்மன் கோயில் வாசல். அங்கேதான் சிமெண்ட் தரை அகலமாக இருந்தது, நிழலும் இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் பட்டையாகத் திருநீறு வைத்துக்கொண்டு, தலையில் பூவோடு வந்து உட்கார்ந்தார்கள். காலனிப் பெண்கள் அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சார், "வாங்க, எல்லாரும் வாங்க, கலந்து உட்காருங்க" என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஓரடி நகர்ந்து வந்து மறுபடி நின்றார்கள்.

முதலில் எங்கள் தெருப் பெண்கள் போட்டார்கள். கோயில், குளம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி. கோயிலுக்கு மட்டும் சிவப்பு, மஞ்சள் கேட்டார்கள், மஞ்சள் நான் வாங்கவில்லை. எங்கள் தெருவைப் பட்டையாகப் போட்டு இரண்டு பக்கமும் வீடு வீடாகப் புள்ளி வைத்தார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் கை ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே மாவு ஒரே சீராக இறங்கியது. காலனித் தெருக்கள் மூன்று, மேல்நிலைத் தொட்டி, ஏரி, மதகு. ஏரிக்கரையை வளைத்து இழுத்துக்கொண்டே போனாள். கரையின் கோடியில் இருக்கும் பனைமரங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது. மாவை உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

அந்தப் பனைமரங்களுக்குக் கீழேதான் காலனிச் சுடுகாடு. சுடுகாடு என்பது பேச்சுக்குத்தான், அவர்கள் புதைக்கிற வழக்கம் உள்ளவர்கள். சாவு விழுந்தால் ஏரிக்கரை மேலேயே தூக்கிக்கொண்டு போவார்கள், வேறு வழி கிடையாது. குறுக்கு வழி எங்கள் தெரு. எங்கள் தெருவில் காலனிச் சாவு போகக் கூடாது. அப்படி எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனாலும் விதிப்படி, எதையும் எடுத்துக் கொடுக்காமல், "அதுக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குக்கா?" என்று கேட்டேன். வேப்பமரத்தடியில் ஒரு கிழவி உச்சுக்கொட்டினாள். எங்கள் பெரியம்மா என்னை முறைத்தாள். வெள்ளிக்கிழமை, அம்மன் வாசல், லட்சுமி வருவதற்கு என்று வாசலில் போடுகிற மாவு. அந்த மாவால் யாராவது சுடுகாட்டைப் போடுவார்களா? போட்டால் அந்த வருஷம் சாவு வந்து வாசலில் நிற்கும் என்று எங்கள் தெருவும் காலனியும் நம்பும். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் இதில் ஒன்று.

"அங்க இன்னா கீது மேடம், ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். உனக்குத் தெரியுமே, நீயே அப்புறம் எழுதிக்கோ என்பதுதான் அந்தப் பார்வை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. சரி, அப்புறம் பேப்பரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரியம்மா முன்னால் அந்தப் பேச்சை நீட்டாமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. பிறகு சாப்பாடு வந்தது. சாப்பிட்டதும் அடுத்த ஊருக்குக் கிளம்பினோம், அங்கேயும் ஒரு படம். அப்புறம் என்பது வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துச் சென்னை அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கத் திரை. திரையில் எங்கள் ஊர். மேலே இருந்து பார்க்க அழகாகவே இருந்தது, ஏரி நீலமாக, வயல் பச்சையாக. ஏரிக்கரை மேல் பச்சைப் புள்ளிக்கோடு போட்டு "இயற்கை நடைபாதை" என்று எழுதியிருந்தார்கள். கரை தொடங்குகிற இடத்தில் ஒரு கதவு. காலை ஆறு மணிக்குத் திறப்பு, மாலை ஆறு மணிக்கு அடைப்பு, நுழைவுச் சீட்டு உண்டு. கரையின் கோடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதில் "பயன்பாட்டில் இல்லாத நிலம்: வாகன நிறுத்தம்".

திரைக்குக் கிட்டே போனேன். "சார், அது சுடுகாடு சார். காலனிச் சுடுகாடு."

"நம்ம டேட்டாவுல அப்படி வரலையேம்மா" என்றார் சார், நிதானமாக. "வருவாய்த்துறை ரெக்கார்டுலயும் ஏரிப் புறம்போக்குன்னுதான் இருக்கு. உங்க ஊர் மயானம் வேற இடத்துல இருக்கே, கூரை, தண்ணி டேங்க் எல்லாம் போட்டு. அதை நாம தொடவே இல்லை."

"அது எங்க தெரு மயானம் சார்."

"சரி, அப்போ எல்லாரும் அதையே பயன்படுத்தட்டுமே. அது இன்னும் நல்ல விஷயம் இல்லையா?"

நான் சிரித்துவிட்டேன். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கு அப்படித்தான் சிரிப்பு வரும். "எங்க தெரு வழியா அவங்க சாவு போக முடியாது சார்."

"இந்தக் காலத்துலயா?"

"இந்தக் காலத்துலதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "நீங்க அதை நோட்டுல எழுதலையேம்மா" என்றார்.

என் நோட்டை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார்கள். அன்றைய தேதி, அன்றைய படம், அதற்குக் கீழே என் கையெழுத்து. வலப்பக்கம் சாய்ந்த, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் முத்துமுத்தாக இருக்கிறது என்று சொன்ன அதே கையெழுத்து. "ஏரிக்கரைக் கோடிக்கு அப்பால்: ஒன்றுமில்லை."

பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து, அங்கிருந்து ஊர் வரும் வரைக்கும் எனக்கு உடம்பு எரிந்தது. சார் மேல் கோபம். வெள்ளிக்கிழமை கார் கொடுத்தவன் மேல் கோபம். உச்சுக்கொட்டின கிழவி மேல், முறைத்த பெரியம்மா மேல், எங்கள் மயானத்தை மட்டும் எழுதிவைத்த ரெக்கார்டு மேல் கோபம். எல்லோர் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகும் என் கையெழுத்து அப்படியே இருந்தது.

மறுநாள் அக்காவைத் தேடிப் போனேன். ஏரிக்கு வருகிற கால்வாயில் நூறுநாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அக்கா ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தில் முகம் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கே வரவில்லை என்று ஆகிவிடும். ஒதுங்கப் போன கிழவியைக் கூட ஓடிவரச் சொல்லி நிறுத்தினாள். படம் எடுத்து முடியும் வரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அவள் பேச்சில் மேடம் போய்விட்டது.

"நீ இந்த ஊர்ல பொறந்தவதானே? உனக்குத் தெரியாதா அங்க இன்னா கீதுன்னு? நான் சொல்லல, சரி. வெள்ளிக்கெயமல கோயில் வாசல்ல நான் எப்படிச் சொல்றது? உனுக்குத்தான் நோட்டு இருந்திச்சே, பேனா இருந்திச்சே. நோட்டுல எய்தனா தீட்டா ஒட்டிக்கும்?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"போட்டோல இல்லன்னா ஆளே இல்ல. இத்தினி வருசமா நான் பாத்துக்கினு கீறேன். எனக்கே இப்படிப் பண்ணிட்டியே" என்றாள். பிறகு கையில் இருந்த போனைப் பார்த்தாள். படம் ஏறிக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்காது. "கூட்டம் என்னிக்கி?"

"வர வெள்ளிக்கிழமை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல. கருத்துக் கேட்புக் கூட்டம்."

"வெள்ளிக்கெயமயா? நல்லதாப் போச்சு. மாவு மீதி கீதா?"

இருந்தது. வெள்ளை மாவு ஒரு பை முழுசாக.

கூட்டத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். திட்டத்தின் வரைபடத்தைப் பெரிய பிளெக்ஸில் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் எங்கள் தெருப் பெரியவர்கள், நடுவில் என் அப்பா. காலனிக்காரர்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றார்கள். வருகைப் பதிவேடு முன்வரிசையில் மட்டும் சுற்றிவிட்டு மேஜைக்குத் திரும்பியது. சார் மைக்கில் குடத்தையும் ஓலையையும் பற்றிச் சொல்லி, "அதே மண்ணுல இன்னிக்கு நாம் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கிறோம்" என்றார். கை தட்டினார்கள்.

"யாருக்காவது கருத்து இருக்கா?" என்று அவர் கேட்டதும் அக்கா சுவரை விட்டு வந்தாள். மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே வெறும் தரையில் உட்கார்ந்து கோலமாவுப் பையைப் பிரித்தாள். ஏரியைப் போட்டாள். கரையை வளைத்தாள். இந்தத் தடவை பனைமரத்துக்கிட்டே கை நிற்கவில்லை. சுற்றிக் கட்டம் போட்டு, உள்ளே நீள நீளமாகக் கோடு இழுக்க ஆரம்பித்தாள்.

பெண்கள் பக்கத்தில் சத்தம் எழுந்தது. "வெள்ளிக்கெயமையும் அதுவுமா, இன்னாடி பண்றே?" என்று பெரியம்மா கத்தினாள். காலனிப் பெண்களிலும் இரண்டு பேர் "வேணாம்மா, எய்ந்திரு" என்றார்கள். அந்தக் கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா நிமிரவில்லை.

"இது எங்க மாமனாரு" என்றாள், ஒரு கோட்டைக் காட்டி. "இது எங்க சின்ன மாமியா. இது அந்தத் தண்ணி தொட்டி ஆப்பரேட்டரோட அம்மா." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். வருகைப் பதிவு எடுக்கிற அதே குரல். கடைசியில், கட்டத்தின் மூலையில், ஒரு சாண் கூட இல்லாத ஒரு வட்டம் போட்டாள்.

"இது எம்புள்ள. நாலு வயசு. காய்ச்சல்ல போச்சு."

எனக்குத் தெரியாது. எத்தனை மாதம் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தவள். எத்தனை வீட்டு வாசலில் "வீட்டில் எத்தனை பேர்? குழந்தைகள் எத்தனை?" என்று நான் கேட்க, அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவளை நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. முதல் தடவை அவள் கை அந்தப் பனைமரத்துக்கிட்டே நின்றபோது, தன் குழந்தை மேல் கோலமாவு போட மனசு வராமல்தான் நின்றது. அதற்குத்தான் நான் ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

சார்தான் முதலில் அசைந்தார். கண் கலங்கியிருந்தது. மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, அந்தப் படத்தைச் சுற்றி நடந்து, "அற்புதம்" என்றார். "இதைத்தான் நான் தேடினேன். வாழும் பண்பாடு. பார்க்கிங்கை வேற இடத்துக்கு மாத்திடலாம், பிரச்சினையே இல்ல. நடைபாதையில இது ஒரு முக்கியமான ஸ்டாப்பா இருக்கட்டும். நினைவுத் தோப்புன்னு வைக்கலாம். வர்றவங்களுக்கு இந்த அம்மாவே இந்தக் கதையைச் சொல்லலாம். ட்ரெயினிங் கொடுத்துக் கைடா எடுத்துக்கலாம், நிரந்தர வேலை." உதவியாளரைக் கூப்பிட்டு, "மேலே இருந்து ஒரு படம் எடுங்க" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா சொல்றாரு?"

அவளுக்குக் காது கேட்கும், தமிழும் புரியும். என் வாயால் சொல்ல வைக்கத்தான் கேட்டாள். சொன்னேன். "டிக்கெட் வாங்கிக்கினு வரவங்களுக்கு உன் கொயந்தய பொதைச்ச எடத்தக் காட்டி, அது எப்படிச் செத்துச்சுன்னு நீ சொல்லணுமாம். அது உனக்கு வேலையாம்."

அவள் உள்ளங்கையால் அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் தேய்த்து அழித்தாள். அழித்த கையைப் புடவையில் துடைக்கவில்லை.

"சார்" என்றாள். "சுடுகாடுன்னு போடுங்க. எங்க வயின்னு போடுங்க. அந்தக் கதவு வேணாம், எங்களுக்குச் சாவு ஆறு மணி பாத்துக்கினு வராது. படத்துல இருக்கணும், பாக்க யாரும் வரக் கூடாது. இதுக்கு உங்க காயிதத்துல எடம் இல்லியா?"

சார் திரும்பிப் பிளெக்ஸின் ஓரத்தில் இருந்த நிறக் குறிப்புகளைப் பார்த்தார். பச்சை பார்வையிடம், சாம்பல் காலி நிலம், நீலம் நீர்நிலை, பழுப்பு கட்டடம். உண்மையாகவே தேடினார். "அப்படி ஒரு வகை இல்லையேம்மா" என்றார்.

என் கோபத்தைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். அது அப்போதுதான் வந்தது, ரொம்பத் தாமதமாக. மேடையேறி, மேஜை மேல் இருந்த மார்க்கரை எடுத்து, அந்தச் சாம்பல் கட்டத்தின் மேல் "காலனி இடுகாடு" என்று எழுதினேன். பிளெக்ஸில் மை ஒட்டவில்லை, வழுக்கியது. ஸ்கூட்டர் சாவியை எடுத்து அந்தக் கட்டத்தைக் கீறினேன். கரையின் தலைப்பில் இருந்த கதவையும் கீறினேன். பிளெக்ஸ் கிழிந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் கீறினேன். "எறங்கு கீழ" என்று அப்பா சொன்னது கேட்டது. "சார், நோட்டுல எழுதினது தப்பு. நான்தான் எழுதினேன். எனக்குத் தெரிஞ்சே எழுதினேன்" என்று மைக்கில் சொன்னேன். சொல்லும்போது மைக்கை அணைத்துவிட்டார்கள். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். சுவரோரம் நின்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது.

அடையாள அட்டையை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை, எனக்கும் அதில் குறை இல்லை. அக்காவும் நானும் மனு எழுதி, காலனியில் வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, தாலுகா அலுவலகத்தில் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். போகும்போதெல்லாம் அதையே சொல்கிறார்கள். திட்டம் மேலே போய்விட்டதாகவும் சொல்கிறார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கிழிந்த பிளெக்ஸைக் கூட்டம் முடிந்த மறுநாள் யாரோ மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கட்டிவிட்டார்கள்.

போன மாதம் ஏரிக்கரை தொடங்குகிற இடத்தில் இரண்டு தூண் எழுப்பினார்கள். கான்கிரீட் தூண், ஆள் உயரத்துக்கு மேல். கதவு இன்னும் வரவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி, தூணின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன், கீல் மாட்டியிருக்கிறார்களா என்று. பார்க்கிறவர்கள் இவளுக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நேற்றுக் கால்வாயோரம் அக்காவைப் பார்த்தேன். ஆட்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேடம் என்று இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை.

"கீலு போட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. போட்டா நான் விடமாட்டேன்க்கா. கடப்பாறைய எடுத்துக்கினு வந்து பேத்துப் போட்டுடுவேன்."

அவள் போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "பேக்கறதுக்கு எங்க வூட்ல ஆளு கீது. நீ பட்டணத்துக்குப் போயி, அந்த நோட்டுல எய்தி வச்சியே, அத அடிச்சிட்டு வா."

அந்த நோட்டு அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், தர மாட்டேன் என்கிறார்கள். அது கள ஆய்வின் மூல ஆவணமாம், மாற்றக் கூடாதாம்.